பவுலினாவும் பொய் சொன்ன காம்பஸும்

மத்திகிரி பவுலினா விமானத்தில் வேலை பார்க்கிறாள் என்று யாராவது சொன்னால், கேட்பவர்கள் உடனே அவளை மேலும் கீழும் பார்ப்பார்கள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கையில் சோற்றுத் தூக்குவாளிப் பை, காலில் கறுப்பு ரப்பர் ஷூ. பத்திரிகைப் படங்களில் பார்த்த விமானப் பணிப்பெண்ணின் ஒரு அடையாளமும் இருக்காது. சர்ச் வாசலில் புதிதாகக் குடிவந்த ஒரு அம்மாள் நேராகவே கேட்டுவிட்டாள், "டீ காபி குடுக்கிற வேலைங்களா?"

"இல்லீங்க. பைலட்டு முன்னாடி இருக்குமே மீட்டருங்க, அதுக்குப் பின்னால கையை வுட்டு ஒயர் மாட்டுற வேலை."

"அப்ப அடிக்கடி பறப்பீங்களோ?"

இந்த இடத்தில்தான் பவுலினாவின் முகம் கொஞ்சம் சுருங்கும். இத்தனை வருட வேலையில் அவள் ஒருமுறைகூடப் பறந்ததில்லை. கல்யாண மண்டபத்தில் பந்தி பந்தியாகப் பரிமாறிவிட்டு வீட்டில் வந்து பழையது சாப்பிடுகிறவள் மாதிரி, எல்லா விமானத்தையும் மேலே அனுப்பிவிட்டு இவள் தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பாள்.

தளி போகும் சாலையில், ரோஜாத் தோட்டங்களும் முட்டைக்கோஸ் வயல்களும் முடிகிற இடத்தில் ஓர் ஓடுபாதையும் அதையொட்டி ஹேங்கர் என்கிற விமானக் கொட்டகையும் இருந்தன. பெரிய விமானம் எதுவும் அங்கே வராது. மில் முதலாளிகளின் நாலு சீட்டு விமானம், பறக்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளிகளின் இரண்டு சீட்டு விமானம், இப்படிச் சின்னதுகளாக வந்து பழுது பார்த்துக்கொண்டு போகும். பவுலினா ஓசூரில் டிப்ளமோ முடித்துவிட்டுக் கைக்கடிகாரத் தொழிற்சாலையில் சில வருடம் இருந்தவள். சம்பளத்துக்கும் மரியாதைக்கும் அங்கே குறைவில்லை. ஆனால் கடிகாரம் மணியை மட்டும்தான் சொல்கிறது, இந்த மீட்டர்கள் உயரம் சொல்கின்றன, வேகம் சொல்கின்றன, எந்தப் பக்கம் போகிறோம் என்று சொல்கின்றன என்று தெரிந்ததும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தாள். வீட்டில் கிறுக்கு என்றார்கள். எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று குடைகிறவளை வேறு என்னவென்று சொல்வார்கள்?

அந்தக் குடைச்சலையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொள்ள ஆண்டவர் அருள்ஜோசப்பைப் படைத்திருந்தார். அவள் புருஷன். மூக்கண்டப்பள்ளியில் கிளம்பி, மத்திகிரி வழியாக ஹேங்கர் ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும் டிராவல்ஸ் பஸ்ஸின் டிரைவர். ஆறு டயரும் தரையில் பதிந்திருந்தால் அவனுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. கிருஷ்ணகிரி மாம்பழக் கண்காட்சியில் ராட்டினத்தில் ஏறியபோது மட்டும், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு இறங்கும்வரை அருள்நிறை மரியே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தான். பஸ்ஸின் முன்பலகையில் காந்தம் வைத்த சின்ன வேளாங்கண்ணி மாதா நின்றிருப்பாள். பக்கத்திலேயே, ஏறுகிறவர்கள் கேட்டுக்கொண்டதற்காக, ஒரு பிள்ளையாரும். இரண்டு பேரும் எந்தக் குழியிலும் ஆடாமல் இரும்புத் தகட்டைப் பற்றிக்கொண்டு நிற்பார்கள்.

இரண்டாயிரத்து ஏழில், ஆயுத பூஜைக்குச் சில நாள் முன்னால் அது நடந்தது. சேலத்து மில்காரர் ஒருவரின் ஒற்றை எஞ்சின் விமானத்தில் பவுலினா புது ஜி.பி.எஸ். திரை ஒன்றைப் பொருத்தி முடித்திருந்தாள். அதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய பைலட் அசோக்குமார், விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் கேப்டன் சார். திரையை ஆன் செய்து, ஆஃப் செய்து, திருகித் திருகிப் பார்த்தவர் சொன்னார்: "நான் ஓட்டுறப்ப இதைப் பாத்துக் குறிப்புச் சொல்ல பக்கத்து சீட்டுல ஒருத்தர் வேணும். நீங்களே வாங்க பவுலினா. மாட்டினது நீங்கதானே? பூஜை லீவு முடிஞ்சு திங்கக்கிழமை போறோம்."

பவுலினா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள். தலையை மட்டும் ஆட்டிவிட்டு, கருவி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். அழுகை மாதிரியும் இருந்தது.

வீட்டில் சொன்னபோது அருள்ஜோசப் கையில் எடுத்த களி உருண்டையை அப்படியே தட்டில் வைத்தான்.

"அதுல எத்தனை இஞ்சினு?"

"ஒண்ணுதாங்க."

"ஒண்ணேதானா?"

"உங்க பஸ்ஸுக்கும் ஒண்ணுதானே?"

"பஸ்ஸு நின்னுச்சுன்னா ஓரங்கட்டலாம் பவுலி. அங்க எங்க ஓரங்கட்டுறது?"

இதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கேப்டன் சாரிடம் அன்று கேட்டுத் தெரிந்துகொண்டதெல்லாம் நாக்கு நுனியில் துறுதுறுத்தது. அவள் சொல்ல ஆரம்பித்தாள். திரைக்கு வழி சொல்கிற சிக்னல் பல ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்களில் இருந்து வருகிறதாம். வந்து சேரும்போது ரொம்பச் சன்னமாகிவிடுமாம். பக்கத்தில் ஒருவன் சின்ன டிரான்ஸ்மிட்டரை வைத்து இரைச்சல் போட்டால் போதுமாம், திரைக்கு ஒன்றும் கேட்காது. அதைவிடக் கெட்டிக்காரனாக இருந்தால், செயற்கைக்கோள் மாதிரியே பேசித் திரையை ஏமாற்றியும் விடலாமாம்.

"ஏமாத்துனா என்னாகும்?"

"அதைத்தான் நானும் கேட்டேன். அப்பக்கூட அது பாட்டுக்கு நிம்மதியா தப்பு வழியைக் காட்டிக்கிட்டே இருக்கும்னாரு. எவ்ளோ ஆச்சரியமா இருக்குல்ல?"

அருள்ஜோசப்புக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. முகம் வெளிறிவிட்டது. அதைப் பார்த்துவிட்டுப் பவுலினா அவசரமாக ஆறுதல் சொன்னாள். "அதுக்குத்தான் மேல ஒரு பழைய காம்பஸ் இருக்குதுங்க. கண்ணாடிக்குக் கீழ, பைலட்டு முகத்துக்கு நேரா. அதுக்குக் கரண்ட்டும் வேணாம், சிக்னலும் வேணாம். எல்லாம் கைவுட்டாலும் அது ஊடு கொண்டாந்து சேத்துரும்."

"அது ஒண்ணுதான் கடைசிக் காவலா?"

"ஆமாங்க."

அவன் தட்டைக் கிட்டே இழுத்துக்கொண்டான். உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். சமாதானமாகிவிட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை ஹேங்கரில் பூஜை. ஓசூரில் எந்தத் தொழிற்சாலையானாலும் அன்றைக்குக் கதவு விரியத் திறந்துவிடும். வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் உள்ளே வந்து, தங்கள் ஆள் தினமும் என்னத்தோடு மல்லுக்கட்டுகிறான் என்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஸ்பேனர்கள் சந்தனப் பொட்டோடு வரிசையாகப் படுத்திருந்தன. பவுலினா தன் மீட்டர் பெட்டிக்குத் தானே குங்குமம் வைத்தாள். விமானத்தின் முன்விசிறிக்குச் சாமந்தி மாலை போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பொரி கடலை கொடுத்து முடித்ததும் வழக்கம்போல வரிசை கட்டியது. வருகிறவர்கள் எல்லோருக்கும் பைலட் சீட்டில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். படியருகே நின்ற காவலாளி திம்மப்பன் ஒவ்வொருவரையும் கையை விரிக்கச் சொல்லி, சாவி, சில்லறை, மிட்டாய் எல்லாவற்றையும் வாங்கி ஒரு தட்டில் வைத்துக்கொண்டே மேலே விட்டான்.

அருள்ஜோசப்பும் வரிசையில் நின்றான். கல் படியில் ஏறவே யோசிக்கிற மனிதன் விமானத்துக்குள் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்துப் பவுலினாவுக்குப் பெருமையாகிவிட்டது. எனக்காகப் பயத்தை விட்டுவிட்டார் பார் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஏறியபோது முன்பலகையில் பிள்ளையார் தனியாக இருந்தார். மாதா இருந்த இடத்தில் பூஜைக்குப் போட்ட மாலை மட்டும் வாடிக் கிடந்தது.

"மாதா எங்கங்க?"

"பெயிண்ட் போயிருந்துச்சு. அடிக்கக் குடுத்திருக்கேன்," என்றான் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவளுக்கு அன்று இருந்த படபடப்பில் மாதாவுக்கு எங்கே பெயிண்ட் போனது என்று யோசிக்கத் தோன்றவில்லை. அவள் யோசிக்காமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான்.

எஞ்சின் உறுமியது. கேப்டன் சார் பக்கத்தில், பெல்ட்டை இறுக்கிக்கொண்டு பவுலினா. விமானம் மெல்ல உருண்டு ஓடுபாதைக்குள் திரும்பி நின்றது. அந்தப் பாதை நேர் கிழக்கு மேற்காகப் போட்டது. விமானம் மேற்கைப் பார்த்து நின்றது. அது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கண்ணாடிக்குக் கீழே இருந்த காம்பஸ் ஏறக்குறைய வடமேற்கு என்றது.

கேப்டன் அதை விரலால் தட்டினார். முள்ளுக்குப் பதிலாக அதற்குள் மிதக்கும் எண் வட்டம் லேசாக ஆடிவிட்டுப் பழையபடி வடமேற்கில் போய் நின்றது.

"எப்பலேர்ந்து இது பொய் சொல்லக் கத்துக்கிச்சு?" என்றார். எஞ்சினைக் குறைத்து விமானத்தைத் திருப்பினார். பவுலினா தன் முறை தவறிப்போனதை நினைத்து வருந்தக்கூட மறந்து அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹேங்கரில் மேலாளர் குதியாய்க் குதித்தார். புதிதாக ஒயர் ஓட்டினவள் ஏதோ கோளாறு செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் பூஜை நாளில் உள்ளே விட்ட கூட்டத்தில் எவனோ எதையோ தொட்டிருக்கிறான். காலம் கெட்டுக் கிடக்கிறது, வேண்டுமென்றே யாராவது செய்திருந்தால்? காவலாளிதான் பொறுப்பு. சாயங்காலத்துக்குள் காரணம் தெரியாவிட்டால் திம்மப்பன் நாளையிலிருந்து வர வேண்டாம்.

திம்மப்பன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். "நானு எல்லார் கையும் பாத்தேன் சாமி. தேவரு மேல ஆணை, கடவுள் சத்தியமா. ஒரு புள்ளைகிட்ட சாக்லேட்டைக்கூட வுடலே," என்றான். தளிக்காரன் அவன். கன்னடத்தை விட்டுவிட்டுத் தமிழில் கெஞ்சுவது அவனுக்குப் பழக்கமில்லை. பவுலினாவுக்கு மனசு கேட்கவில்லை. அதோடு, காரணம் தெரியாமல் அவளால் வீட்டுக்குப் போகவும் முடியாது.

முதலில் தன்னையே சந்தேகப்பட்டாள். ஒயரில் கரண்ட் ஓடினால் காம்பஸ் பக்கம் இழுக்கும், அது தெரிந்த விஷயம். எல்லா சுவிட்சையும் அணைத்தாள். வட்டம் அசையவில்லை. பேட்டரியையே கழற்றினாள். அப்போதும் அப்படியே. புதுத் திரையை உருவி வெளியே வைத்தாள். அதே பொய். அப்படியானால் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாமல் காம்பஸை இழுக்கிறதென்றால் அது காந்தம்தான். எங்கே?

தாலிச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றினாள். போட்டிருந்த வேலைக் கோட்டின் ஓரத் தையலில் இருந்து ஒரு நூலை உருவி அதில் கட்டித் தொங்கவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு காக்பிட் முழுவதும் கொண்டுபோனாள். சீட்டுக்கடியில் ஊக்கு நேராகத் தொங்கியது. மீட்டர்களுக்கு முன்னாலும் நேராகத்தான். பேனலுக்கு மேலே போட்ட மெத்தை மூடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஓர் இடுக்கு இருக்கும். அங்கே போனதும் ஊக்கு சாய்ந்தது. இன்னும் கிட்டே கொண்டுபோனாள். இழுத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது.

இரண்டு விரலை விட்டு எடுத்தாள். கைக்குட்டையில் சுற்றிய வேளாங்கண்ணி மாதா. அடியில் வட்டக் காந்தம். கைக்குட்டை ஓரத்தில் அவள் கையால் போட்ட நீலத் தையல்.

பவுலினா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கோபம் வந்தது. அதைவிட வேகமாக வேறொன்று வந்து கண்ணை மறைத்தது. கீழே யாருக்கும் அவள் எடுத்தது தெரியாது. மாதாவைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒரு திருகாணி காந்தமேறிப் போயிருந்தது, மாற்றிவிட்டேன் என்று சொன்னால் முடிந்தது விஷயம். திம்மப்பனுக்கு வேலை நிலைக்கும், புருஷன் தப்புவான், அவளுக்குப் பக்கத்து சீட்டும் மிச்சம். திருகாணிக்கு என்ன, வாயா இருக்கிறது மறுத்துப் பேச?

பைக்குள் போடவும் செய்தாள். அப்போது காம்பஸ் வட்டம் மெதுவாகச் சுழன்று, ஹேங்கர் வாசல் பார்த்து நின்ற அந்த விமானத்துக்குச் சரியான திசையில் வந்து நின்றது. விடிந்ததிலிருந்து இதற்குள் எது பொய் சொல்கிறது என்று தேடியவள் அவள். கண்டுபிடித்தபிறகு தானே ஒரு பொய்யை உள்ளே வைத்துவிட்டு இறங்குவதா? கேப்டன் நாளைக்கு எதை நம்பி ஓட்டுவார்?

இறங்கி வந்து மாதாவை மேசைமேல் வைத்தாள். "காரணம் இதுதாங்க சார். என் ஊட்டுக்காரர் வெச்சது. திம்மப்பன் மேல தப்பில்ல."

மேலாளருக்குக் கோபம் வந்தது. வந்தபிறகு நிற்கவில்லை. போன் போட்டு வரவழைத்ததில் அருள்ஜோசப் மத்தியான வெயிலில் வேர்த்து ஒழுக வந்து நின்றான். திம்மப்பன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "டிரைவரண்ணனை மட்டும் நானு பாக்கலே சாமி. நம்ம பஸ்ஸுக்காரருன்னு வுட்டுட்டேன்."

கேப்டன் சார் திட்டவில்லை. "ஏன் வெச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். தெரிந்துகொள்ளும் ஆசையோடுதான் கேட்டார்.

"திரையை ஏமாத்தலாம்னு இவதாங்க சொன்னா. கடைசிக் காவல் அந்தக் காம்பஸு ஒண்ணுதான்னா. சரி, அதுக்குப் பக்கத்துல மாதா இருந்துட்டா எவனும் கிட்ட வரமாட்டான்னு..." தலையைக் குனிந்துகொண்டான். "பஸ்ஸுல மாதிரி ஒட்டிப் பாத்தேங்க சார். ஒட்டவே இல்ல. வழுக்கி வழுக்கி வுழுந்தாங்க. அப்பறம்தான் இடுக்குல வெச்சேன்."

"விமானம் அலுமினியம் ஐயா. மாதா அப்பவே மாட்டேன்னுதான் சொல்லியிருக்காங்க," என்றார் கேப்டன். பிறகு அவனைக் கையைப் பிடித்துக் காக்பிட் பக்கம் கூட்டிப்போனார். மாதாவை அவன் கையில் கொடுத்துக் காம்பஸ் அருகே நீட்டச் சொன்னார். அவன் கை நெருங்க நெருங்க வட்டம் சுழன்றது. கையை எடுத்தான், திரும்பி வந்தது. மறுபடி நீட்டினான், மறுபடி போனது. இரண்டே தடவைதான். மூன்றாவது தடவை அவனால் கையைத் தூக்க முடியவில்லை.

"மேகத்துக்குள்ள போய் திரையும் கெட்டிருந்தா?" என்று கேட்டான்.

"இது காட்டுற பக்கம் திரும்பியிருப்பேன்."

அருள்ஜோசப் பவுலினாவைத் திரும்பிப் பார்த்தான். "எவனோ வந்து ஏமாத்துவான்னு பயந்தேன் பவுலி. நானே உன்னைத் தொலைச்சிருப்பேனே," என்று எல்லோர் முன்னாலும் அழுதான். பவுலினாவும் அழுதாள். திம்மப்பன் எங்கேயோ பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கண்ணீர் விட்டதற்காக யாரும் சும்மா விட்டுவிடவில்லை. டிராவல்ஸ்காரர் மறுநாளே அருள்ஜோசப்பை ஹேங்கர் வழியிலிருந்து எடுத்து, சூளகிரி தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றும் பஸ்ஸுக்கு மாற்றினார். பூஜை நாளில் விமானத்தை வெளியில் நின்று பார்க்கலாம், உள்ளே ஏறக் கூடாது என்று சட்டம் வந்தது. அது இன்றுவரைக்கும் இருக்கிறது. திம்மப்பன் வேலையில் தங்கினான், நம்ம ஆள் என்று யாரையும் விட்டதில்லை, மேலாளரின் சம்சாரத்தையே கைப்பையைத் திறக்கச் சொன்னான் என்று பேச்சு. பவுலினாவின் சீட்டையும் மேலாளர் வேறு ஆளுக்கு மாற்றத்தான் பார்த்தார். கேப்டன் சார், "சொந்தப் புருஷனையே காட்டிக்குடுத்தவங்க, மேல ஒரு தப்பு நடந்தா எங்கிட்ட மறைக்கவா போறாங்க?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

ஓடுபாதை ஓரத்தில், இரும்பு எதுவும் இல்லாத வெட்டவெளியில் சிமெண்டில் வரைந்த வட்டம் ஒன்று உண்டு. அதில் விமானத்தை நிறுத்தி, ஒவ்வொரு திசைக்கும் தள்ளித் திருப்பி, காம்பஸைப் புதிதாகச் சரிபார்த்தார்கள். பவுலினாவும் இறக்கையைப் பிடித்துத் தள்ளினாள். அந்த வாரக் கடைசியில் பறந்தார்கள்.

தரை விட்டு எழும்பிய அந்த ஒரு நொடியை அவளால் பிறகு யாருக்கும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. வயிறு கீழேயே இருந்துவிட்டது, நான் மட்டும் மேலே போனேன் என்பாள். கிரானைட் குவாரிகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. பசுமைக் குடில்கள் துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி கிடந்தன. திரையைப் பார், குறிப்புச் சொல் என்று கேப்டன் இரண்டு தடவை நினைவுபடுத்த வேண்டியிருந்தது. கிருஷ்ணகிரி மலையைச் சுற்றித் திரும்பியதும் அவர் கை நீட்டித் திரையை அணைத்தார்.

"எவனோ சிக்னலைக் கெடுத்துட்டான்னு வெச்சுக்குவோம். இப்ப எப்படி வீட்டுக்குப் போறது?"

பவுலினா விரலை நீட்டினாள். காம்பஸைக் காட்டினாள். எண் வட்டம் திரவத்துக்குள் மெல்ல ஆடி நிலைத்தது. அது காட்டிய பக்கம் அவர் திருப்பினார். கீழே நெடுஞ்சாலை வந்தது, சூளகிரி வந்தது. சாலையில் வெள்ளையாக எத்தனையோ புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடினாள். எது பஸ், எது லாரி என்றே பிரிக்க முடியவில்லை. அதற்குள் அவள் ஊர் ஓடுபாதை நேர் முன்னால் வந்து நின்றது.

சாயங்காலம் அருள்ஜோசப் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றான். ஷிப்ட் முடிந்து வந்த ஆட்களையெல்லாம் சூளகிரி தாண்டி ரோட்டோரம் இறக்கிவிட்டு, தானும் இறங்கி, அத்தனை பேரும் வானத்தைப் பார்த்துக் கை ஆட்டினார்களாம். ராட்டினத்தில் கண்ணை மூடினவன், சத்தம் கேட்டதிலிருந்து மறையும்வரை மேலேயிருந்து கண்ணை எடுக்கவில்லையாம். புதுப் பஸ்ஸின் முன்பலகையில் மாதா, பழையபடி இரும்பைப் பற்றிக்கொண்டு நின்றாளாம்.

"மேலருந்து என் பஸ்ஸு தெரிஞ்சுதா பவுலி?"

தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மனிதன் எவ்வளவு சந்தோஷப்படுவான் என்று அவளுக்குத் தெரியும்.

"தெரியலீங்க," என்றாள். "ரொம்ப நேரம் தேடினேன்."

"பரவால்ல," என்றான் அவன். "எனக்கு நீ தெரிஞ்ச."